எந்திரிக்காத கட்டை

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நான் சட்டென்று பேச்சை நிறுத்தினால் என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், நானே தொடர்ந்துவிடுவேன். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதையும் சேர்த்து நீங்கள் நம்பாமல் போனாலும் எனக்கு வருத்தம் இல்லை.

பேய், முனி என்று எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். ஆவூர் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா கல்குவாரியில் கல் உடைத்தவர். உச்சி வெயிலில் குவாரிப் பள்ளத்துக்குள் வெள்ளை வேட்டி கட்டின ஆள் ஒருத்தர் நின்றதாக அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அது வெயில் காட்டுகிற வேடிக்கை என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சண்டைக்கு நிற்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான் என்பதால் "படிச்ச பய சொல்றான், கேட்டுக்கங்கப்பா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

படித்து முடித்து, இலுப்பூர் போகிற சாலையில் இருக்கிற ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக வாத்தியாராகச் சேர்ந்தேன். ஊர் மாதா கோவிலில் பாடல் குழுவோடு சேர்ந்து கொஞ்சம் கீபோர்டு வாசித்த பழக்கம் உண்டு. அதைக் கேள்விப்பட்டு, திருச்சியில் நடக்கிற பியானோ கிரேடு பரீட்சையில் தேறி வந்தால் இசை வாத்தியார் வேலையை நிரந்தரமாகவே தருகிறோம் என்றார்கள். பள்ளியில் புதுசு வாங்கிவிட்டதால் மூலையில் கிடந்த பழைய டிஜிட்டல் பியானோவையும் "வீட்டுல வச்சுப் பழகுங்க" என்று கொடுத்துவிட்டார்கள். கரண்டில் ஓடுகிற பியானோ, ஆனால் அமுக்கினால் நிஜப் பியானோ மாதிரியே கனமாக இருக்கும்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் எனக்கு வீடு. கல்யாணம் ஆகாத பையனுக்கு யாரும் வீடு தராத ஊரில் அது கிடைத்ததே பெரிய விஷயம். லோடு ஆட்டோவில் பியானோவைக் கொண்டுவந்து இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர், "என்ன தம்பி, கட்டிலா?" என்றார். பியானோ என்றேன். "அப்ப படுக்குறது எங்கிட்டு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவ்வளவு சின்ன வீடு. ஒரே வீட்டின் நடுவில் நாலரை இஞ்ச் சுவர் ஒன்றை எழுப்பி ரெண்டாக்கியிருந்தார்கள். மாடியில் வீட்டுக்காரர் சரோஜா அக்கா. சுவருக்கு அங்கிட்டு அவருடைய அண்ணன் தங்கராசு. அவர் தனியாள், மனைவி இறந்துவிட்டார், மகன் மணி சிங்கப்பூரில். தங்கராசு மாமா அங்கே தும்மினால் இங்கே நான் 'நூறு' என்று சொல்லலாம், அப்படிச் சுவர்.

பியானோவில் ஒரு கோளாறு இருந்தது. எங்கள் பக்கம் ஆர்மோனியமோ பியானோவோ, விரலால் அமுக்குகிற பட்டைக்குக் கட்டை என்றுதான் பேர். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை, அமுக்கினால் சிலசமயம் மேலே எழும்பாது, விழுந்தபடியே கிடக்கும். நகத்தைக் கொடுத்து நெம்பித் தூக்க வேண்டும். பரீட்சைக்கு நான் எடுத்திருந்த பாடத்தில் ஒரு இடம் வரும், ராகம் மெல்ல ஏறி வந்து சரியாக அந்தக் கட்டையில் ஒரு அடி, உடனே அதே கட்டையில் இன்னொரு அடி. முதல் அடியில் விழுந்தது எழும்பாவிட்டால் ரெண்டாவது அடி எப்படி விழும்? தினமும் அங்கே வந்து இடறுவேன், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் மாமா வாசலுக்கே வந்துவிட்டார். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமாகி, காதில் மிஷின் மாட்டியிருப்பார். அதனால் அவர் சாதாரணமாகப் பேசுவதே சந்து முழுக்கக் கேட்கும்.

"ஏன் தம்பி, பஸ்ஸு ஸ்டார்ட் ஆகாம இழுத்துக்கிட்டே கெடந்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்குப்பா ஒன் பாட்டு. ஒண்ணு ஸ்டார்ட் பண்ணு, இல்லாட்டி எறங்கித் தள்ளு."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. மறுநாளே ஒரு ஹெட்போன் வாங்கிவிட்டேன். அதை மாட்டிவிட்டால் என் காதைத் தவிர வேறு யாருக்கும் ஒரு சத்தமும் வராது. நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

ரெண்டு நாள் போயிருக்கும். குழாயடியில் குடத்தோடு நின்ற மாமா என்னைப் பார்த்ததும், "இன்னும் அந்தக் கட்டை விழுந்தா எந்திரிக்க மாட்டேங்குது போல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டை எழும்பாத விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"ஒங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"விழுகுற சத்தம் வருது. எந்திரிக்கிற சத்தம் வரல. கட்டைக்கு ரெண்டு சத்தம் இருக்குல்ல?"

"காதுல கேக்குதுங்களா?"

"காது எங்கப்பா கேக்குது எனக்கு? சுவத்துல கைய வச்சா விரல்ல வந்து குத்துது." வலது கையை விரித்து மோதிர விரலை ஆட்டிக் காட்டினார். "இதுல."

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷத்தில் எனக்குப் பயமெல்லாம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. மணிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், சிங்கப்பூரிலிருந்து வரப்போகிறான், என் போர்ஷனை அவனுக்கு வாங்கிக் கொடுக்க மாமா தங்கையை அரித்துக்கொண்டிருக்கிறார் என்று சந்தில் பேச்சு. சரோஜா அக்காவிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு. நான் பள்ளிக்குப் போன பிறகு மாமா அதை வாங்கி உள்ளே வந்து பியானோவைத் தட்டிப் பார்த்திருக்கிறார், கோளாறைத் தெரிந்துகொண்டு என்னை மிரட்டுகிறார், இதுதான் என் கணக்கு. அன்றைக்கே பூட்டை மாற்றினேன்.

பிறகும் புகார் நிற்கவில்லை. சரோஜா அக்காவே மாடியிலிருந்து இறங்கி வந்தார். "தம்பி, அண்ணனுக்கு விரல் வலி தாங்கலயாம். நீ வாசிக்கிறதாலதான்னு சொல்றாரு. பரீட்சை முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்கயேன்."

"அக்கா, நான் ஹெட்போன்லதான் வாசிக்கிறேன்."

"அது எனக்கு என்னப்பா தெரியும்? அவரு எனக்கு அண்ணன்."

பியானோவைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? பள்ளியில் குழந்தைகள் சத்தத்தில் பழக முடியாது, ஊருக்குக் கொண்டுபோனால் தினமும் வந்து போக முடியாது. வீடு போனால் பரீட்சை போச்சு, பரீட்சை போனால் வேலை போச்சு. கோவிலில் கீபோர்டு வாசிக்கிற என் சிநேகிதன் ஸ்டீபனுக்குப் போன் போட்டேன். "கட்டையத் தட்டுற அதிர்வு தரை வழியாச் சுவத்துக்குப் போகும்டா, பேய்ப்படம் ஓட்டாத. பியானோ காலுக்கு அடியில மெத்தையப் போடு" என்றான். போட்டேன். நான் படுக்கிற மெத்தையையே மடித்துப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்கே பதில் தெரியவில்லை.

மெத்தை போட்ட பிறகும் அந்த இடம் வரும்போதெல்லாம் சுவரில் அங்கிட்டிருந்து 'டொக்' என்று ஒரு தட்டு. ஹெட்போனைக் கழற்றினால் ஒன்றும் இருக்காது. மறுபடி அந்த இடத்துக்கு வந்தால் மறுபடி தட்டு.

சரி, ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். பள்ளி லீவு. பியானோ செத்துக் கிடந்தது. அதன் தலையில் போனை வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டு, கை ரெண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு கட்டையையும் தொடக்கூடாது. சாயங்காலம் மாமா வந்து "இன்னிக்கும் வாசிச்சியே" என்று சொல்லுவார், ரெக்கார்டிங்கைப் போட்டு அக்காவுக்கு முன்னால் வாயை அடைத்துவிடலாம். இதுதான் திட்டம்.

கை சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா? வாசித்து வாசித்து ஊறிப்போன பாடம், உள்ளே தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஃபேன் ஓடவில்லை, சந்தில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை, வெயில் மட்டும் வாசல்படி வரை வந்து நிற்கிறது. ராகம் ஏறிக்கொண்டே வந்து அந்த இடத்தைத் தொட்டது.

டொக்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நான் மூச்சைக்கூட விடவில்லை. அப்புறம் சுவருக்கு அங்கிட்டிருந்து, ரொம்பப் பக்கத்தில், சந்துக்கே கேட்கிற அவருடைய வழக்கமான குரலில் இல்லாமல், காதோடு பேசுகிற மாதிரி மெதுவாக:

"தம்பி. கட்டை விழுந்துருச்சு. எந்திரிக்கல."

பயந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம். மாட்டினார் என்று போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "மாமா, கதவத் தெறங்க! நான் தொடவே இல்ல! கரண்டே இல்ல!" என்று தட்டினேன். 

அக்கா மாடிப்படியில் வந்து நின்றார். "ஏன் தம்பி, இந்தக் கத்துக் கத்துற?"

"உள்ள இருந்துக்கிட்டே தெறக்க மாட்டேங்குறாருக்கா. இப்பத்தான் என்கிட்ட சொன்னாரு, கட்டை விழுந்துருச்சு, எந்திரிக்கலன்னு."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "என்ன வார்த்தைடா சொல்ற! உசுரோட இருக்குற மனுசனை!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார்.

சத்தியமாக அந்த நொடி வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் பேச்சில் கட்டை என்றால் உடம்பும்தான். 'கட்டை சாய்ஞ்சிருச்சு' என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். மாதக்கணக்காகப் பியானோவோடு கிடந்து எனக்கு அந்தச் சொல்லின் பாதி அர்த்தம் மறந்துபோயிருந்தது.

பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே போனோம். என் சுவர்ப் பக்கம் யாரும் இல்லை. கொல்லைப்புறக் குளியலறை வாசலில் மாமா வலது கை அடியில் மடங்க விழுந்து கிடந்தார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. அக்கா காலையில் கொடுத்துவிட்டுப் போன இட்லி தட்டு மூடியபடியே இருந்தது. காது மிஷின் ஆணியில் தொங்கிய சட்டையின் பையில்.

ஆம்புலன்ஸ் வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். காலையிலேயே விழுந்திருப்பார், பேச்சு அப்போதே போயிருக்கும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளும் போயிருப்பார் என்றார்.

அக்கா என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பேச்சு இல்லாத மனுசன் ஒன்கிட்ட எப்படிடா பேசுனாரு?"

ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். இருவரும் தலையோடு தலை ஒட்டிக் கேட்டோம். குரல் இல்லை. நெடுநேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு 'டொக்'. பிறகு நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுகிற சத்தம்.

அக்காவுக்கு அது சுவரைத் தட்டுகிற சத்தம். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அந்தப் பியானோவின் சத்தம் எனக்குத் தெரியும். அது கட்டை விழுகிற சத்தம். எழும்புகிற சத்தம் அதில் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த வெள்ளைக் கட்டை விழுந்து கிடந்தது. நான் தொடாத கட்டை.  பிறகு நகத்தைக் கொடுத்து மெதுவாகத் தூக்கிவிட்டேன். கையை எடுப்பதற்குள் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, அண்ணன் கண்ணு முழிச்சிருச்சு."

ஸ்டீபனிடம் சொன்னேன். வெயிலில் பிளாஸ்டிக் இளகித் தானாக விழுந்திருக்கும் என்றான். இருக்கலாம். குரலுக்கு என்ன சொல்கிறாய் என்றேன். "நீ தூங்கியிருப்படா" என்றான். அதுவும் இருக்கலாம்.

மணி சிங்கப்பூரிலிருந்து வந்தான். அப்பாவைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து சுவரில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். அவர்கள் பக்கம் நாங்கள் நெம்பின பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டோ எடுத்தான். "எங்கப்பா விழுந்தது ஒங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு? அவரு ஒங்களக் காலி பண்ணச் சொல்லிக்கிட்டு இருந்தாராம்ல?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அவன் அப்பா என் வீட்டுக்குள் வந்து போனார் என்று நான் எப்படி நினைத்தேனோ அப்படியே இவன் என்னை நினைத்தான். குறை சொல்ல முடியாது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டை மாற்றியிருப்பேன்.

என்னை உடனே காலி செய்யச் சொன்னான். சரோஜா அக்காதான் மறுத்துவிட்டார். நன்றி என்று நினைத்து நானும் நெகிழ்ந்துபோனேன். அது நன்றி இல்லை. மாடிப்படிக்கு அடியில் அவனிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது: "இருக்கட்டும்டா. அவன் போயி எங்கிட்டாச்சும் வாசிச்சு இன்னும் என்ன ஆகுமோ? நம்ம கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார், மணியும் சிங்கப்பூர் திரும்பாமல் அவரோடு தங்கிவிட்டான். கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு வரவில்லை. வலது கையில் எல்லா விரலும் தேறிவிட்டன, மோதிர விரல் மட்டும் மடங்கியபடியே இருக்கிறது. இடது கையால் பிடித்துத் தூக்கிவிட்டால் ஒரு நொடி நிற்கும், பிறகு விழுந்துவிடும். அதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் பியானோவில் அந்தக் கட்டை அன்றிலிருந்து ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. யாரும் பழுது பார்க்கவில்லை. அமுக்கினால் விழுகிறது, விட்டால் எழும்புகிறது.

பரீட்சைக்குத் திருச்சி போனேன், மத்தியானம் என் முறை வந்தது. அங்கே இருந்தது நிஜப் பியானோ, கறுப்பாக, முகம் தெரிகிற மாதிரி. வாசிக்க ஆரம்பித்தேன். ராகம் ஏறி வந்தது. ஒரு அடி. கட்டை எழும்பியது. ரெண்டாவது அடி, மணி அடித்த மாதிரி விழுந்தது. வீட்டில் கட்டை சரியான பிறகும் ஒருமுறைகூட அப்படி விழுந்ததில்லை.

தேறிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது, ஆனால் அன்றைக்கே மனசு சொல்லிவிட்டது. பஸ் பிடித்துச் சந்துக்குள் வந்தால் அக்கா கேட்டில் நிற்கிறார். பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை.

"மத்தியானம் அண்ணன் சோறு சாப்புட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த வெரலு தானா எந்திரிச்சு நின்னுச்சு தம்பி. ஒரே ஒரு தடவ. நீ அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நான் வாசித்த இடத்தில் அந்தச் சுவரும் இல்லை, அந்தப் பியானோவும் இல்லை. திருச்சிக்கும் இந்தச் சந்துக்கும் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது. அப்படியானால் அது எதில் இருக்கிறது? அன்று முழுக்க யோசித்து, கடைசியில் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது நிரந்தர வேலை. அந்தப் பாடத்தை வாசித்தே நாளாகிறது. ஆனால் அது என்னை விடவில்லை, பஸ்ஸில், சாப்பாட்டில், யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது தானாக உள்ளே ஓட ஆரம்பித்துவிடும். போன மாதம் இலுப்பூர் சாலையில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், ராகம் ஏறி வந்து முதல் அடி விழுந்தது, சரியாக அந்த நேரம் கண்டக்டர் தோளைத் தட்டி "சார், டிக்கெட்டு" என்றார். ரெண்டாவது அடி விழவில்லை. சில்லறை, டிக்கெட், பக்கத்து சீட்டுக்காரர் பேச்சு என்று எல்லாம் சேர்ந்து அதை மறந்தே போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போதுதான் ஞாபகம் வந்து, மனசுக்குள் அந்த இடத்தை வாசித்து முடித்தேன்.

கேட்டில் அக்கா. புடவை முன்பக்கமெல்லாம் டீ கொட்டி நனைந்திருந்தது.

"டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது அண்ணன் கை அஞ்சு வெரலும் அப்படியே இறுகிருச்சு தம்பி. டம்ளரப் புடுங்க முடியல. நானும் மணியும் இழுத்துப் பாத்தோம். இப்பத்தான், நீ சந்துக்குள்ள வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடி விட்டுச்சு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்ல என்ன பண்ணிக்கிட்டு வந்த?"

வீட்டைத் திறந்து உள்ளே போனேன். சுவருக்கு அங்கிட்டு மாமா இருமினார்.

அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். நீங்கள் ஏதாவது கேட்டு, நான் உடனே பதில் சொல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றால் மரியாதை இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். தோளைத் தட்டவும் வேண்டாம். அந்த இடத்தைத் தாண்டிவிட்டு வருகிறேன்.